வீங்காத கை

நேற்று நம் மகள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து முன்கையை நீட்டினாள். "அப்பா, பாருங்க. ஒண்ணுமே இல்ல." காசநோய் வார்டில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது அவளுக்கு. பரிசோதனை ஊசி போட்ட இடம் வழுவழுவென்று இருந்தது. பிடித்த கையை விட மனமில்லாமல் நின்றேன். அது உன் கை.

இவள் பிறப்பதற்கு முன்பு நடந்தது. திருவெறும்பூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த எனக்குச் சளியில் ரத்தம் வந்தது. காசநோய் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொல்வதற்குள் பல மாதம் உன் பக்கத்திலேயே படுத்து இருமியிருந்தேன்.

"நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு" என்றேன்.

"சோறு யாரு பொங்குவா? ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுங்க" என்றாய்.

உனக்கும் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்டார்கள். தொற்றியிருந்தால் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்து வீங்க வேண்டும். வீங்கவில்லை. நான் மகிழ்ந்த வேகத்திலேயே டாக்டரம்மா தடுத்தார். எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவர்களுக்கும் வீங்காதாம். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதென்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாய்.

உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. சில மாதம் கழித்து மறுபடி ஊசி போட்டார்கள். அப்போதும் வீங்கவில்லை.

"கிருமி உங்க மூச்சுல போகாம இருந்திருக்காதும்மா. உங்க உடம்பு அதைக் குடியிருக்க விடல. சிலருக்குப் பரம்பரையா இப்படி அமையும்னு நினைக்கிறோம். எந்த ஜீன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல" என்றார் டாக்டரம்மா. ஆராய்ச்சிக்கு நம் இருவரிடமும் ரத்தம் கேட்டார். நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட வேண்டுமாம். என் அப்பாவுக்கும் இதே நோய் இருந்ததை எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது, "எங்க ரத்தமே அப்படித்தான் போல" என்றேன்.

"உங்க அப்பாவோட சிரிப்பும்தான் உங்களுக்கு வந்திருக்கு. அதை ஏன் அவங்க எழுதிக்கல?"

சிரித்தேன். சிரிப்பு இருமலானது. முதுகைத் தடவிக்கொடுத்தாய்.

ஆறு மாத மருந்தில் எனக்குக் குணமானது. வியப்பு மட்டும் தீரவில்லை. ஒரே அறை, ஒரே காற்று. என் நுரையீரலை அரித்த கிருமி உன்னிடம் தோற்றுப் போயிருக்கிறது. நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கொடியில் துணி காயப்போட்டபோது, அசந்து தூங்கியபோதெல்லாம் உனக்குள் ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. உனக்கே தெரியாமல். அப்படிப்பட்ட உடம்பு நான்கு வருடம் முன்பு ஒரு காலையில் மாரடைப்பில் சாய்ந்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

"அம்மா மாதிரின்னு நினைச்சு மாஸ்க் போடாம இருந்துடாத" என்றேன் நேற்று மகளிடம்.

"அம்மாகிட்ட இருந்தது எங்கிட்டயும் இருக்கான்னு யாருக்குப்பா தெரியும்? போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

என் எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது. ஆறிவிட்டது, ஆனால் மறையாது என்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் படி ஏறினால் அந்த இடத்தில் லேசாகப் பிடிக்கும். கைப்பிடியைப் பற்றி நிற்பேன். இந்த நெஞ்சிலிருந்து வந்த காற்றைத்தானே நீ அத்தனை நாளும் முகம் திருப்பாமல் சுவாசித்தாய் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மெல்ல ஏறுவேன்.