முள் சாய்ந்த பக்கம்

அக்டோபர் 6, 1981

காலையிலிருந்து மழை. இயற்பியல் துறையின் அடித்தளத்தில் ஊசல் சாதுவாக இருந்தது. மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு தண்டு, இரண்டு முனையிலும் ஈய உருண்டை. அது இம்மி திரும்பினாலும் முள் தாளில் கோடு கீறிவிடும். என் பூனையைவிட அதை நான் அதிகம் கவனிக்கிறேன்.

பதிவாளர் அலுவலகத்து மோரீன் டார்டாஃப் வந்தாள். பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு அறிமுகப் புத்தகம் அடிக்கிறார்கள். எத்தனை துறை, எத்தனை மாணவர், என்ன ஆராய்ச்சி, எல்லாம் சில பக்கங்களுக்குள்.

"வேதியியல்காரங்க புராணமே எழுதித் தந்துட்டாங்க. உங்ககிட்ட ஒரே ஒரு வரிதான் கேக்கிறேன் கண்ணு. படிக்க வர்ற பிள்ளைக்கும் புரியணும், அமைச்சருக்கும் புரியணும்."

துறைத்தலைவர் ரோலண்ட் தயாராக வைத்திருந்தார். "எழுதிக்கோ. ஈர்ப்பு விசை பருவத்துக்குப் பருவம் மாறுறதை முதல்ல கண்டது இங்கதான்."

"நிஜமாவா?" என்று மோரீன் என்னைக் கேட்டாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். கொஞ்சம் தாமதமாக.

அக்டோபர் 8

ஏன் தாமதம்?

ரோலண்ட் அஸ்க்யூ துறைத்தலைவர் மட்டுமில்லை. ஊசலைத் தன் கையால் கட்டியவர். குளிர்காலத்தில் முள் ஒரு பக்கம் சாய்கிறது, கோடையில் திரும்பிவிடுகிறது. வெப்பமா என்று பார்த்தோம், இல்லை. காந்தமா? இல்லை. கட்டடம் அசைகிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் ஈர்ப்பு விசையேதான் மாறுகிறது, பூமி சூரியனைச் சுற்றும்போது கூடிக் குறைகிறது என்கிறார் ரோலண்ட். கட்டுரை பத்திரிகைக்குப் போயாகிவிட்டது, எங்கள் இருவர் பெயரிலும்.

அரசாங்கம் மானியத்தை வெட்டியதிலிருந்து எந்தத் துறையை மூடலாம் என்று மேலே பேச்சு நடக்கிறது. எங்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பு வேண்டும். வேண்டும் என்பதற்காக உண்மையாகிவிடுமா?

அக்டோபர் 13

வளாகத்து ஏரியில் தண்ணீர் இல்லை! புதுமுக வாரக் கூத்தில் மாணவர்கள் கடைத் தள்ளுவண்டிகளை உள்ளே உருட்டிவிட்டிருக்கிறார்கள். அவற்றை எடுக்க மதகைத் திறந்துவிட்டார்கள். வாத்துகள் சேற்றில் வழுக்கி வழுக்கி நடக்கின்றன. பாலத்தில் நின்று சாண்ட்விச் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கீழே போனால், முள் சாய்ந்திருந்தது. கோடைப் பக்கம். அக்டோபரில்!

மிச்ச சாண்ட்விச் இன்னும் கோட்டுப் பையில் இருக்கிறது.

அக்டோபர் 14

அடித்தளச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி. குளிர்காலத்தில் நிரம்புகிறது, கோடையில் வற்றுகிறது. எடையுள்ள எதுவும் மற்றதை இழுக்கும் என்று முதலாண்டு வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு தண்ணீர் இழுக்காதா? கணக்குப் போட்டேன். திரும்பவும் போட்டேன். பாழாய்ப்போன கணக்கு அழகாக ஒத்துப்போகிறது.

நாங்கள் பிரபஞ்சத்தை அளக்கவில்லை. ஏரியை எடை போட்டுக்கொண்டிருந்தோம்.

சந்தோஷமா இருக்கு. ஐயோ, எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கு? ரோலண்ட்கிட்ட எப்படிச் சொல்றது —

அக்டோபர் 15

சொன்னேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீயும் அந்த வாத்தும் சேர்ந்து கண்டுபிடிச்சீங்களாக்கும்?"

"கணக்கைப் பாருங்க, ரோலண்ட்."

"ஒரு தடவை ஒத்துப்போனா அது தற்செயல், பிப். நம்மளை மூடணும்னு காத்திட்டிருக்கிறவங்களுக்கு நீயே கதவைத் திறந்துவிடுறியா?"

"அப்ப இன்னொரு தடவை பார்ப்போம். ஏரியை நிரப்பப் போறாங்க. நிரம்பினதும் முள் எங்க நிக்கும்னு இப்பவே சொல்றேன். தப்பாப் போனா வாயை மூடிக்கிறேன்."

"சரியாப் போனா?"

நான் பதிவுத் தாளில் விரலை வைத்தேன். நான் காட்டிய இடத்தில் அவரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

அக்டோபர் 20

ஏரி பாதி. உணவுக்கூடத்தில் ரோலண்ட் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அக்டோபர் 26

ஏரி நிரம்பிவிட்டது. முள் புள்ளியின் மேல் நிற்கிறது.

ரோலண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "வாத்துக்கு நன்றி சொல்லணும்," என்றார். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொப்பியை மறந்துவிட்டார். வெளியே நல்ல மழை.

அந்த மனுஷனோட அத்தனை வருஷ உழைப்பு. நான்தானே உடைச்சேன்?

அக்டோபர் 27

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

அக்டோபர் 29

வந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டாராம். அடுத்து மோரீனுக்குப் போன் போட்டார்.

"அந்த வரியை அடிச்சிடு."

அவள் கத்தியது எனக்கே கேட்டது. "அச்சுக்குப் போற நேரத்துலயா! வேற என்னத்தைப் போடுறது?"

"எங்க ஏரி ரொம்ப கனம்னு போடு."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சவரம் செய்யாத முகம், ஆனால் கண்ணில் தெளிவு இருந்தது. "பிப், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணி இதுக்குத் தெரியுதுன்னா, மண்ணுக்குக் கீழே இருக்கிறது தெரியாதா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மதியச் சாப்பாட்டை இருவருமே மறந்துவிட்டோம்.

பிப்ரவரி 17, 1982

முடிவு வந்துவிட்டது. இயற்பியல் துறை இனி இல்லை. நிலவியல்காரர்கள் எங்கள் இருவரையும் ஊசலோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள்? அவரவர் பாடு.

"அந்த வரி இருந்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கும்," என்றாள் மோரீன், கோபமில்லாமல். இருக்கலாம். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பொய்யை வைத்துக் காப்பாற்றியிருந்தால் ஊசல் அறைக்குள் எப்படிப் போவேன்?

மே 20

திருமதி வினிஃப்ரெட் ஓகிலின் மேய்ச்சல் நிலம். அங்கே திடீர் திடீரென்று குழி விழுகிறது. போன மாதம் ஒரு ஆடே உள்ளே போய்விட்டது. கீழே எந்தக் காலத்திலோ கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம். அது எங்கெங்கே ஓடுகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. வசந்தத்தில் நாங்கள் கட்டிய சின்ன ஊசலை அவருடைய கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம்.

ஈஸ்டரோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டிய ரோலண்ட், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "தள்ளிப் போ! உன் கனமும் தாள்ல சேர்ந்து விழுது!"

"என் ஆட்டைத் திட்டினா தேநீர் கிடையாது, பேராசிரியரே," என்றார் திருமதி ஓகில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சாயங்காலம் முள் மேற்கே சாய்ந்தது. கிழக்கே இழுக்க ஏதோ குறைகிறது, அடியில் வெற்றிடம் இருந்தால் அப்படித்தான். சுரங்கத்தின் பழைய வரைபடத்தை விரித்தோம். கிழக்கே ஒன்றுமே வரைந்திருக்கவில்லை.

"ஆடா இருக்குமோ?" என்றேன்.

"ஆடெல்லாம் தெற்கே நிக்குது, பிப்."

இருவரும் எழுந்து கிழக்கே பார்த்தோம். புல்தான் இருந்தது. ரோலண்ட் அதற்குள் ஊசலைக் கிழக்கே கொண்டுபோக அதன் பெட்டியைத் தேட ஆரம்பித்திருந்தார்.