மன்னிப்பு ஞாயிறன்று வராத தம்பி

மார்ச் 8, 1951

எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்கப்போவதும் நான் ஒருவன்தான். அறுபத்தெட்டு வயதில், இந்தக் குளிர்காலத்தில்தான் எழுதக் கற்றேன். நாலு வரிக்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் என்ன சுகம்! கோபத்தைக்கூட எழுதி வைக்கலாம். வைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு கல்யாணத்தில் என் தம்பி ஸ்தாமென் ஊர் முன்னால் கேட்டான்: “இந்த வயசுல எதுக்கு அண்ணே எழுத்து? உன் சாவுச் சீட்டை நீயே எழுதிக் கதவுல ஒட்டிக்கவா?” குழல் ஊதுகிறவன் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

வரும் ஞாயிறு, நோன்புக்கு முந்திய மன்னிப்பு நாள். வரட்டும் அவன்.

மார்ச் 11

அன்றைக்குச் சின்னவன்தான் பெரியவன் வீட்டுக்கு வந்து, கையை முத்தமிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் வைத்த சட்டமா இது? மருமகள் மினா அக்ரூட் அல்வா செய்தாள். நல்ல சட்டையோடு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை.

மார்ச் 12

மலைக்கு அப்பால் ஸ்தாமெனின் ஊரிலிருந்து வனக்காவலன் நெய்கோ வந்தான். “உங்க தம்பி மன்னிப்புக் கேட்டாரு பெரியவரே. பனி இளகிப்போச்சாம், வழியெல்லாம் புதையுதாம். கையை முத்தமிடவும் என்னையே சொல்லிவிட்டாரு.”

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஆள்விட்டு மன்னிப்பா? நெய்கோ நடந்து வந்த வழி அவனுக்கு மட்டும் புதையுமா?

நாளை நானே போகிறேன். “பெரியவங்க நீங்க, மன்னிப்புக் கேக்கவா போறீங்க மாமா?” என்றாள் மினா.

“கேக்க வைக்கப் போறேன்!”

மார்ச் 14

நேற்று விடியலில் கிளம்பியிருந்தால் இரவில் இறுகிய மேல்பனி ஓடுபோல் காலைத் தாங்கியிருக்கும். மினா என் பூட்ஸை ஒளித்து வைத்துவிட்டாள். தேடி எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. காட்டுப் பாதை முழுக்கப் பனிக்கூழ். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம், யாரோ சிரிப்பதுபோல. அதுவும் என்னைப் பார்த்துத்தான்!

முகட்டுக்குக் கீழே இடுப்புவரை புதைந்தேன். தடியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் வயிற்றால் படுத்து ஊர்ந்தேன். ஊர்ந்துகொண்டே, அவனை என்னவெல்லாம் கேட்பது என்று சொல்லிப் பார்த்தேன். ஓடைமேல் பாலம்போல் கிடந்த பனி, நான் கடந்ததும் பின்னால் பொத்தென்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை — அவ்வளவு கோபம்.

அவன் மன்னிப்புக் கேட்டதும் எழுதிவிடலாம் என்று இந்த நோட்டையும் மார்புக்குள் செருகிக்கொண்டு போயிருந்தேன்.

ஸ்தாமென் கதவைத் திறந்தான். கையை நீட்டினேன். அதில் காய்ந்த காலுறையை வைத்தான்.

“போடு முதல்ல! அறிவிருக்கா அண்ணே உனக்கு? பனிக்கடியில போயிருந்தா, அப்புறம் நான் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறது?”

“அதான் கேக்கலையேடா!”

“வாயை மூடு. காலைக் குடு.”

மண்டியிட்டு என் பாதத்தில் பிளம் சாராயத்தை ஊற்றித் தேய்த்தான். பாதிப் புட்டி தீரும்வரை விடவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 16

இன்னும் கேட்கவில்லை! பீன்ஸ் சூப் வைக்கும்போது திட்டுகிறான், போர்வையை இழுத்துவிடும்போது திட்டுகிறான். நான் பத்திரம் என்று மினாவுக்குச் சொல்ல நெய்கோ காலில் பனிச்சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு சுற்றுவழியாகப் போயிருக்கிறான். ஓடைப்பக்கம் எனக்கு வழியில்லை. இந்தப் பிடிவாதக்காரனோடு அடைபட்டுக் கிடக்கிறேன்.

மார்ச் 18

இரவு கடும் குளிர். ஓடை உறைந்து அடங்கிவிட்டது. காலையில் முற்றத்தில் நடந்து பார்த்தேன்: பனி கல்லாகக் கிடக்கிறது. இப்போது கிளம்பினால் மதியத்துக்குள் வீடு.

ஸ்தாமென் பின்னால் வந்து நின்றான். “போகாதே அண்ணே, இன்னும் புதையும்” என்றான், அந்தக் கல்மேல் நின்றுகொண்டே.

நானும் குதிகாலால் ஓங்கித் தட்டிப் பார்த்தேன். “ஆமாம்டா, ரொம்ப இளகித்தான் கிடக்கு” என்றேன்.

வழி எப்படி இருக்கிறதென்று அடுத்த வாரம் பார்த்து எழுதுகிறேன்.