தோளில் இருந்த விரல்கள்

செவ்வாய், ராத்திரி

ஆத்திரம் அடங்கவே இல்ல. செத்துப்போன தம்பிக்கு அஞ்சலி பேனர் அடிக்க ஒரு ஆளு நான் டிசைன் பண்ற கடைக்கு வந்தான். கொண்டாந்தது தம்பியும் பொண்டாட்டியும் மாமல்லபுரம் பீச்சுல எடுத்த போட்டோ.

"அவன மட்டும் வெட்டி எடும்மா. அவ வேற சாதி, பேனர்ல வரக்கூடாது."

கம்ப்யூட்டர்ல கடலையும் அவளையும் அழிச்சேன். பேக்ரவுண்ட் போயிடுச்சு. அவன் தோள்ல அவளோட நாலு விரல் மட்டும் ஒட்டிக்கினு இருந்துச்சு.

"இது இன்னா? இதையும் எடு."

"சட்டை கெட்டுடும்ண்ணா"ன்னு பொய் சொன்னேன். ஓனர் என்னைத் தள்ளி உக்காரச் சொல்லி, தானே அழிச்சாரு.

சாயங்காலம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுல பேனர் தொங்குது. 'கண்ணீருடன்'னு போட்டு, கீழ அண்ணங்காரன் பேரு பெருசா. அந்தாண்ட நின்னு அழுதுகினு இருந்தது அவ ஒருத்திதான்.