பூத்த மரங்களில் பனி

அல்மா-அத்தா
26 ஏப்ரல் 1979

அன்புள்ள குல்பாஷ் அக்காவுக்கு,

தம்பி சகிந்திக் எழுதுவது. நீயும் அத்தானும் சுகமா? உன் முட்டிவலி தேவலையா?

இங்கே பனி, அக்கா! ஏப்ரல் கடைசியில், ஆப்பிள் மரமெல்லாம் பூத்து நிற்கிற நேரத்தில். நேற்று விடியலில் பணிமனைக்குக் கிளம்பினால் வாசற்கதவு திறக்க மறுக்கிறது. எங்கள் மேட்டுத் தெருவில் ஒரு வண்டி ஏறவில்லை, இறங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் பணிமனையைக் கேட்டதற்கு, "இன்னிக்கு பஸ் கிடையாது, இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குய்யா" என்றார்கள். இத்தனை வருடம் பேருந்து ஓட்டியதில் இப்படி ஒரு விடுமுறை வாய்த்ததில்லை.

வீட்டில் நானும் ரிம்மாவும்தான். மகன் கைராத் வேலைக்காகப் பல்காஷ் ஏரிப் பக்கம் போயிருக்கிறான். மருமகள் பேச்சை எடுத்தாலே உனக்கு ஆகாது. அவன் கொரியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ போனாய். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் தேநீர் வைப்பாள், நான் குடிப்பேன். அவ்வளவுதான் உறவு.

நேற்று பாரம் தாங்காமல் தோட்டத்தில் ஒரு கிளை முறிந்தது. நான் ஜன்னலோரம் உச்சுக்கொட்டிக்கொண்டு நின்றேன். அவள் என் கம்பளி பூட்ஸை, கேட்கக்கூட இல்லை, மாட்டிக்கொண்டு துடைப்பத்தோடு இறங்கிவிட்டாள். கிளைகளைத் தட்டுகிறாள், பனி பொத்தென்று அவள் கழுத்துக்குள்ளேயே விழுகிறது, சிரிக்கிறாள்.

"ஏ பொண்ணே, மெதுவா! பூவெல்லாம் கொட்டுது பார்!" என்று கத்தினேன்.

"அங்க நின்னு கத்தினா எப்படி மாமா? வந்து தட்டுங்க!"

போனேன். எங்கள் மரங்கள் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மதியத்துக்குள் தெருவே கழியும் கையுமாகத் திரிந்தது. சாயங்காலம் துணி துவைக்கிற தகரத் தொட்டியில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிக்கொண்டு போனாள். அப்புறம் நானும். சிரிக்காதே, அக்கா.

இன்றும் பெய்கிறது. நின்றுவிடக் கூடாதே என்றிருக்கிறது.

உன் தம்பி,
சகிந்திக்

❖

ஜம்புல்
5 மே 1979

தம்பி சகிந்திக்குக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. பனி பெய்ததற்கு இத்தனை பக்கமா? நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எழுதியது நான்கு வரி.

ஐம்பத்தெட்டு வயதில் தகரத் தொட்டியில் சறுக்கினாயாம். உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கு இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்கிறார். அவரும் உன் கட்சி.

மாமனார் பூட்ஸைக் கேட்காமல் போடுகிற பெண்ணை நம் வீட்டில் பார்த்ததுண்டா? கம்பால் நாலு கிளையைத் தட்டினால் மருமகளாகிவிடுவாளா? நான் மனம் மாறுவேன் என்று நினைக்காதே.

ஆமாம், கழுத்துக்குள் பனி விழுந்ததே, காய்ச்சல் ஏதும் வந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா குல்பாஷ்

❖

அல்மா-அத்தா
14 மே 1979

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. கேட்டாய் என்று சொன்னேன். முகம் சிவந்துபோய் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முன் கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. அது எனக்கே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பனி உருகத் தொடங்கியிருந்தது. அவள் போட்ட காரக் கோசு ஊறுகாயும் நான் பொரித்த பவுர்சாக் மாவு உருண்டையுமாக உட்கார்ந்து சீட்டாடினோம். தோற்றது நான்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நாளைக்கு ரோடு திறந்துடும். இனிமே உன்கிட்ட தோக்க நேரமிருக்காது."

அவள் சிரிக்கவில்லை. "மாமா, பனி பெய்யலேன்னா நான் அன்னிக்குக் காலையிலேயே உங்க பஸ்ஸுல ஏறி ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். எங்கம்மா வீட்டுக்கு, உஷ்டோபேக்கு. பெட்டி கட்டியாச்சு" என்றாள்.

"ஏம்மா?"

"அவர் போனதுலேர்ந்து, நாலு மாசமா இந்த வீட்டுல ஒருத்தரும் என் பேரச் சொல்லிக் கூப்பிடல மாமா."

டிக்கெட் கொடுத்து நானே ஸ்டேஷனில் இறக்கி விட்டிருப்பேன், அக்கா. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

"ரிம்மா" என்றேன். அவள் சீட்டைக் கலைத்து மறுபடி போட்டாள்.

மறுநாள் முதல் பேருந்தை எடுத்தேன். எங்கள் நிறுத்தத்தில் பெட்டியோடு நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். நின்றிருந்தாள், ரொட்டி ஆலை வேலைக்குப் போகிறவளாக, வெறும் கைப்பையோடு. ஏறி எனக்குப் பின்னாலிருக்கும் இருக்கையில் உட்கார்ந்து, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாமா, இறக்கத்துல பிரேக்க அழுத்தாதீங்க, வழுக்கும்!" என்றாள். எனக்கே பாடம்! வண்டியே சிரித்தது.

அக்கா, நீ வர வேண்டும். இனி நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். அவள் எங்கள் வீட்டுப் பெண்.

சகிந்திக்

❖

ஜம்புல்
22 மே 1979

தம்பி,

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். நானும் இதுவரை எந்தக் கடிதத்திலும் அவள் பெயரை எழுதவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வராதே. நீ வந்தால் குறுக்கே பேசுவாய். ரிம்மாவை அனுப்பு.

குல்பாஷ்