ஷூவுக்குள் வைத்த துணி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் இருமல் தேவலை, நானும் தையல் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம், உன் தங்கைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை அருவருப்பு, உன்னிடம் கொட்டாமல் தீராது.

அவளுடைய கூடைப்பந்து கோச், நீ விசில்வாயன் என்பாயே, அந்த மனுஷன் பதினோரு வயதிலேயே அவள் வளர்த்தியைப் பார்த்துக் கூடைக்கு அடியில் நிறுத்தினான் அல்லவா, மூன்று வருஷமும் அதே இடம்தான். கையைத் தூக்கு, வருகிற பந்தைப் போடு, பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் வெளியே உட்கார். கோப்பைகளால் அவன் அலமாரி நிறைந்தது. இப்போது மற்ற பிள்ளைகள் அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள், இவள் நின்றுவிட்டாள். எனக்கு முன்பே தெரியும், ஒரு வருஷமாக அவள் ஸ்கூல் பேண்டின் கால் மடிப்பைப் பிரிக்கவே இல்லையே. மாதாமாதம் சாமான் அறைக் கதவில் நிறுத்தி ஷூவோடு உயரம் அளப்பான், மற்றவர்களைவிடக் குறைந்தால் இடம் போய்விடும். அதனால் பை தைக்கிற கெட்டித் துணியை நாலு மடிப்பாகத் தைத்து ஷூவுக்குள் வைத்து அனுப்பினேன். வேண்டாம்மா என்றாள், சும்மா போடி என்றேன். இந்தத் தடவை ஷூவைக் கழற்றச் சொல்லியிருக்கிறான். துணியை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டிச் சிரித்துவிட்டு, "கூடைக்கு அடியில நிக்க உயரம் பத்தாது, பந்தைத் தட்டிக்கிட்டு ஓடவும் தெரியாது, இவளை வெச்சு நான் என்ன பண்றது" என்றானாம். தட்டவே விடாதவன் யார்? அவனை மட்டும் சொல்லி நான் தப்பிக்கவும் முடியவில்லை, ஒவ்வொரு கோப்பைக்கும் முதல் வரிசையில் கைதட்டியவள் நான்தான். "இந்த வயசுல என்னம்மா ஒரே இடம், எல்லாத்தையும் கத்துக்கட்டும்" என்று அதே ஆட்டம் ஆடிய நீ போனில் சொன்னபோது, அவள் மேல் உனக்குப் பொறாமை என்று வாய்கூசாமல் சொன்னேன். இப்போது என்னை நினைத்தால் எனக்கே சீ என்றிருக்கிறது. மன்னித்துவிடு.

அவள் அழவில்லை. அந்தத் துணியைத் துவைத்துக் காயவைத்து மடித்து என் மெஷின் மேல் வைத்துவிட்டு, இனி விளையாடப் போவதில்லை என்றாள். ஆனால் நேற்றுக் காலை பின்வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பந்து அவள் முழங்காலில் பட்டு ஓடுகிறது, துரத்திப் பிடித்து மறுபடியும் தட்டுகிறாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "நீ பாக்காதம்மா" என்றாள்.

இருவரும் நிறைவாக, நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவளைக் கூப்பிட மறக்காதே, எப்படித் தட்டுவது என்று நீ சொல்லிக்கொடு. நான் மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா