பெயர் எழுத ஒரு சுவர்

அன்பு மகன் வித்தூனுக்கு, அம்மா எழுதுவது. நானும் கடையும் சுகம், அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. தைவான் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஜெயித்துவிட்டோம். போனில் நீ, "வேணாம்மா, ஊர்ல சிரிப்பாங்க" என்றாயே, சிரித்த வாயெல்லாம் இப்போது என் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கிறது. நீ ஏழு வயதில் படுத்துக் கிடந்த அதே ஆஸ்பத்திரியில், இரத்தப் புற்றுநோய் ஒருமுறை போய்த் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சி பணமில்லாமல் நின்றுவிடும் என்று உன் டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் கோயிலுக்காக ஊரே பணநோட்டுச் செருகுகிற பணமரத்தை அதற்கே கொடுப்போம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். வாழைப்பழம் பொரித்து விற்கிற லம்துவான்தான் ஆரம்பித்தாள். "கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தா மணியில பேரு, மதிலு கட்டினா மதில்ல பேரு. ஆராய்ச்சிக்குக் குடுத்தா எங்க பேர எங்க எழுதுவாங்கக்கா, எலி முதுகுலயா?" என்றாள். கூட்டமே குலுங்கிச் சிரித்தது, தலைவர் பிரசித்துக்குப் பல்செட்டே கழன்றுவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். "சிரிங்க, நல்லா சிரிங்க. என் பையன் தைவான்ல மிஷின் ஓட்டுறான். அவனுக்கு ஏத்தின மருந்தக் கண்டுபிடிக்க எந்த ஊர்லயோ எவனோ காசு போட்டிருக்கான். அவன் பேரு எந்தச் செவுத்துல இருக்கு? எனக்குச் செவுரு குடுன்னு அவன் கேட்டு நின்னிருந்தா என் புள்ள இன்னைக்கு எங்க இருப்பான்?" என்றேன். அத்தோடு விடவில்லை, "பேருதான் வேணும்னா என் கடைச் செவுரு இருக்கு, ரோட்டப் பாத்த செவுரு, எழுதிக்குங்க" என்று போட்டேன். கோயில் பெரிய பிக்கு, "நம்ம புவாலை கடைச் செவுரு கோயில் செவுர விட நல்ல எடத்துலதான் இருக்கு" என்றார். அவரே சொன்னபின் எல்லோரும் கைதூக்கிவிட்டார்கள்.

போன ஞாயிறு ஊர்வலம். மூங்கில் குச்சிகளில் நோட்டைச் செருகி வாழைமரத்தில் குத்திக்கொண்டே வந்தார்கள், ஒன்று போதாமல் இன்னொரு மரம் வெட்டவேண்டியதாயிற்று. மத்தளத்துக்கு முன்னால் உன் அப்பா அந்த முழங்காலோடு ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்கவேண்டும். டாக்டரம்மா இரண்டு மரத்தையும் வாங்கிக்கொண்டு, ஆராய்ச்சி நிற்காது என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். லம்துவான் அன்றைய வியாபாரம் முழுவதையும் செருகிவிட்டு, "என் பேரப் பெருசா எழுதுய்யா" என்று பெயிண்டர் தலைமேலேயே நின்றாள். பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது, கொடுத்தவளுக்கு இல்லாத உரிமையா?

வருஷத்து இரத்தப் பரிசோதனையை வேலை வேலை என்று தள்ளிப்போடாதே, போய்வந்ததும் போன் செய். நீ நூறு வயசு இருக்கவேண்டும், உன் பிள்ளைகளை நான் தூக்கவேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சுவரில் எல்லோருக்கும் மேலே முதல் வரியை நான்தான் எழுதச்சொன்னேன்: "வித்தூனுக்காகக் கொடுத்தவர், பெயர் தெரியாது." காலையில் கடை திறந்ததும் அதற்குத்தான் முதலில் கைகூப்புகிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா புவாலை