மனேஜரின் தொட்டியும் மூன்று மில்லிமீற்றர் ஓட்டையும்

ஒக்டோபர் 4, சனி

தூறல். 9 பாகை. காலையில் பைப் வாங்கப் போனது.

வாங்கியவை: ஒரு அங்குல பிவிசி பைப் பத்தடி, வளைவுக்கு எல்போ ஏழு, மூன்று வழிக்கு ரீ இரண்டு, பசை. மறந்தது: பசைக்கு முதல் பூசுகிற ஊதா மருந்து. திரும்பப் போக வேண்டும். எரிச்சல்.

கடையில் நின்றவர் எங்கட தமிழ் ஆள். பைப் என் கையில். அளவு எழுதிய துண்டும் என் கையில். கேள்வி மட்டும் கூட வந்த இவரிடம்.

"அண்ணை, என்ன கட்டப் போறியள்?"

"சும்மா, மீன் தொட்டிக்கு ஒரு வேலை" என்று இவர் ஒரு சிரிப்பு. கட்டின மனுசனைக் குறை சொல்லக் கூடாதுதான், ஆனால் குசினிக் குழாய்க்கு ஒரு வாசர் மாற்றத் தெரியாது. மிசிசாகாவில் பத்தொன்பது வருசமாக வால்வு பொருத்துகிறவள் நான். பக்கத்தில் கூடை மாதிரி நின்றேன்.

மனேஜருக்கு ஒன்பது வயது. ஒஸ்கார் மீன், ஒரு அடி நீளம். என் வேலைத்தல மனேஜரைப் போலவே அசையாமல் முறைக்கும், அதனால் மகள் வைத்த பெயர். அந்த உடம்புக்கு இப்போதுள்ள பில்டர் காணாது. தண்ணீர் அழுக்கால் தலையில் குழி விழத் தொடங்கிவிட்டது. கீழே இன்னொரு தொட்டி வைத்து, தண்ணீரை இறக்கி, வடித்து, பம்பால் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். கண்ணாடியில் துளை போட்டால் வெடிக்கும். ஆகவே விளிம்புக்கு மேலால் பைப்பை வளைத்து இறக்குவது.

இவரின் கட்டளை: "புது லமினேற் நிலத்திலை ஒரு சொட்டு விழுந்தாலும் மீன் விட்பிக்குத்தான். சொல்லிப்போட்டன்."

விட்பியில் இவருடைய கூட்டாளி பேர்னாட். பேஸ்மன்ற் முழுக்கத் தொட்டி. மனேஜரில் ஒரு கண், கனகாலமாக. மகள் ஹலிபாக்ஸுக்குப் படிக்கப் போன பிறகு, நான் வேலையால் வந்து கதவைத் திறந்ததும் ஓடிவந்து பார்க்கிற சீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான். கொடுக்க மாட்டேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்து நேரே கராஜுக்கு. பைப் தலையில் வாளால் பன்னிரண்டு கீறு வெட்டினேன், மீன் சாப்பாடு போய் அடைக்காமல். ஒன்று கோணல். பரவாயில்லை.

பைப்புக்குள் காற்று நின்றால் தண்ணீர் இறங்காது. மேலே மெல்லிய குழாய் வைத்து வாயால் இழுக்க வேண்டும். இழுத்தேன். மனேஜரின் தண்ணீர் ஒரு வாய். சீ!

இவர் சோபாவில் இருந்து: "கவனம், கவனம்." எழும்பி வந்து ஒரு வாளி பிடித்தால் குறைந்தா போவார்?

மகள் போனில்: "அம்மா, that's actually so cool. அப்பாவா செய்தவர்?" இவளுமா!

ஒக்டோபர் 8, புதன்

முடிந்தது. ஓடுகிறது!

இரண்டு சோதனை. கரண்ட் போனால் தண்ணீர் தானாக நிற்க வேண்டும். கரண்ட் வந்தால் தானாக ஓட வேண்டும். முதல் தடவை பம்பை நிற்பாட்ட, மேலே ஏறுகிற பைப்பால் தண்ணீர் திரும்பி இறங்கத் தொடங்கியது. விட்டிருந்தால் கீழ்த்தொட்டி நிரம்பி லமினேற் முழுக்க வெள்ளம். அந்தப் பைப்பில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ட்ரில்லால் ஒரு ஓட்டை போட்டேன். மூன்று மில்லிமீற்றர். பம்ப் ஓடும்போது அதால் ஒரு மெல்லிய தாரை சிர்ரென்று தொட்டிக்குள்ளேயே விழும். பம்ப் நின்றால் அதே ஓட்டை காற்றை இழுக்கும், தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான் வித்தை.

பதினொரு தரம் பிளக்கைக் கழற்றிப் பூட்டினேன். பதினொரு தரமும் நின்றது, பதினொரு தரமும் ஓடியது. ஒரு சொட்டு நிலத்தில் இல்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

நாளை எங்கள் வீட்டுக்கு மாதா வருகை. செபமாலை மாதம், மாதாவின் சுருவச் சிலை வீடு வீடாகப் போகிறது, இம்முறை நாங்கள். முப்பது பேர். ரோல்ஸ் 120, கடலை, கேக்.

நேற்று நான் வேலையில் நிற்கும்போது அத்தான் வந்து போனாராம். இவருடைய அண்ணா. முன்பு வீடு திருத்துகிற வேலை, இப்போது ஓய்வு, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. தொட்டியைப் பார்த்துவிட்டு இவரிடம், "ராசன், நல்லாச் செய்திருக்கிறாய்" என்றாராம். நீங்கள் என்ன சொன்னீங்கள் என்று இவரைக் கேட்டேன்.

"ஓம் எண்டன்."

ஓமாம்!

தொட்டி இன்றைக்கு ஏனோ சத்தமில்லை. நல்லது. ரோல்ஸ் பொரிக்க வேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

செபமாலையின் ஐந்தாம் காரணிக்கம் முடிந்து பிரார்த்தனை. எல்லோரும் முழங்காலில். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்", "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." முன்னால் இருந்த றீற்றா அன்ரி மெதுவாக எழும்பினா. முழங்காலில் சேலை ஈரம்.

"பிள்ளை, உது என்ன தண்ணி?"

கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து, பாய் நனைந்து, மாதா மேசையின் கால் வரை. பம்ப் நிற்கிறது. பிளக் கழற்றிக் கிடக்கிறது. அந்த இடத்தில் மாதாவின் மினுக்கு லைற். கழற்றினது இவர். லைற்றுக்கு வேறு பிளக் இல்லையாம்.

சரி, கழற்றினாலும் நிற்க வேண்டுமே. பதினொரு தரம் நின்றதே!

அத்தான் எல்லோருக்கும் கேட்க: "நான் அண்டைக்கே நினைச்சன். உதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் செய்யவேணும்." வியாழக்கிழமை நல்லாயிருந்த பைப், இன்றைக்கு என்னுடைய பைப். வழிந்த நேரம் பார்த்து இவர் என்னைக் கைகாட்ட, செய்தது நான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முப்பது பேருக்கு முன்னால் நான் நிலம் துடைத்தேன். இவர் பேர்னாட்டுக்குப் போன் எடுத்தார். திங்கள் விடுமுறை, வருவாராம்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

ஓட்டை இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறப் பசை, கல்லாக இறுகி, நடுவில் ஒரு பெருவிரல் அடையாளம். வியாழக்கிழமை வந்தபோது ஒழுக்கு என்று நினைத்து அடைத்திருக்கிறார் அத்தான்! கேட்டாரா ஒரு வார்த்தை? ஏன் கேட்பார்?

வெள்ளிக்கிழமை சத்தமில்லாததை நானும் கவனித்தேன், நின்று பார்க்கவில்லை. அது என் பிழை. அது மட்டும்தான் என் பிழை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு: "தெரியும். அவர் அடைக்கேக்க நான்தானே ரோச் லைற் பிடிச்சனான்."

நேற்று முழுவதும் தெரிந்துகொண்டே, நான் குனிந்து துடைக்கப் பார்த்துக்கொண்டு நின்ற மனுசன்!

"அண்ணையை ஒண்டும் கேளாதையப்பா. வந்த புதிசிலை நாலு வருசம் எங்களை வைச்சுப் பாத்த மனுசன்."

உண்மைதான். நாலு வருசம் அவருடைய பேஸ்மன்ற். இருபத்தேழு வருசமாக அவருக்கு முன்னால் நான் 'ஓம் அத்தான்' தவிர வேறு கதைத்ததில்லை. அதற்காக மனேஜரைக் கொடுக்கவா?

பசையைக் குடைந்து எடுத்தேன். ஓட்டை திறந்தது. சிர். இவர் இன்னும் "ஒரு சொட்டெண்டு சொன்னனான், ஒரு வாளி விழுந்தது" என்கிறார். பேர்னாட் வருவது வருவதுதானாம். மத்தியானம் நான் சமைக்கவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

வெயில், குளிர். பேர்னாட் பத்து மணிக்குப் பெரிய வாளியோடு. தூக்க உதவிக்கு அத்தானும்.

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடியும் வரை பொறுத்தேன். பிறகு: "அத்தான், ஒருக்கா இதிலை விரலை வையுங்கோ."

"எதிலை?"

"நீங்கள் அடைச்ச இடத்திலை."

இவர் ஜன்னலைப் பார்த்தார். அத்தான் வைத்தார். அதே பெருவிரல். நான் பிளக்கை இழுத்தேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விளிம்புக்கு இரண்டு விரல் இடம். இவர் துவாய் எடுக்க ஓடினார்.

"இப்ப எடுங்கோ."

எடுத்தார். ஓட்டை காற்றை உறிஞ்சியது. தண்ணீர் நின்றது. நிலத்தில் ஒன்றுமில்லை.

மனேஜர் எல்லோரையும் முறைத்தது. பேர்னாட்தான் முதலில், இவரைப் பார்த்து: "மச்சான், உதை எப்பிடியடா செய்தனீ?"

இவர் துவாயோடு வாயைத் திறந்தார். அத்தான் முந்திவிட்டார்.

"அவனைக் கேளாதையும். செய்தது பிள்ளை. கெடுத்தது நான்."

பேர்னாட் வெறும் வாளியை வாசலில் வைத்துவிட்டு வந்து, தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம்: "அக்கா, எத்தனை அங்குலப் பைப்?"

பைப் பற்றிப் பத்து நாளில் என்னைக் கேட்ட முதல் கேள்வி. எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன்.

"ஒண்டு" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.